கையெழுத்தும் தலையெழுத்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இவ்விழாவில் பேசவேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, கம்பனைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராய் இருந்தவர் வேறு எதைப் பேசுவர்! ஆயினும், இன்று ஒரு சிறுவனின் கையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். எம் வாழ்க்கைத் துணைவியாரும் தொடக்கப்பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வுரையில் ‘நாங்கள்’ என்பதெல்லாம் எங்கள் இருவரையுமே குறிக்கும். பிழையும் சேர்ந்தே செய்தோம்; பாடமும் சேர்ந்தே கற்றோம்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவம் ஊர்வலமாக நம் நகருக்கு வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வேளிமலைக் குமரனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருவர். அக்கலைமகள் கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது; எல்லை மாறிற்று; ஊர்வலம் மாறவில்லை. விசயதசமியன்று பூஜப்புரை சரசுவதி மண்டபத்திலும் கோயில்கள் பலவற்றிலும் பெரியோர் குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பற்றி, அரிசியில் முதலெழுத்தை எழுதுவிக்கின்றனர். எழுத்தை இத்துணை உயர்வாய்ப் போற்றும் ஊர் இது. அரிசியில் எழுதிய அந்த விரல் தாளில் எழுத மாட்டாது தடுமாறினால் நாம் என்ன செய்கின்றோம்? அதுவே இன்று நம் கேள்வி.

எங்கள் பேரனுக்கு அப்போது ஏழு வயது. இரண்டாம் வகுப்பில் படித்து வந்தான். கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். பாட்டி கேட்கும் கணக்குக்கு வாயாலேயே விடை தருவான். ஆனால் எழுதச் சொன்னால் முகம் வாடிவிடும். எழுத்து ஒன்று மலையேறும். மற்றொன்று பள்ளத்தில் விழும். சொற்களுக்கிடையே இடம் இராது. பென்சிலை அழுத்துவதில் தாள் கிழியும். அரைப் பக்கம் எழுதுவதற்குள் கையை உதறுவான். பள்ளியிலிருந்து வந்த குறிப்பேட்டில், ‘அக்கறையில்லை, சோம்பல்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? ஆசிரியர்கள் அல்லவா! ஒரு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் ஐந்து பக்கம் எழுதச் செய்தோம். நன்றாக இல்லை என்று அழித்து மீண்டும் எழுதச் செய்தோம். சில வாரங்களில் அவனுக்குக் காலைதோறும் வயிற்றுவலி வந்தது; ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாராது. குறிப்பேடு ஒன்று காணாமற் போயிற்று. அரிசிப் பானைக்குப் பின்னால் அதைப் பாட்டி கண்டெடுத்தாள். ஏன் ஒளித்தாய் என்று கேட்டபோது அவன் சொன்ன விடை இது: “தாத்தா, என் கை கெட்ட கை.”

அன்றிரவு நாங்கள் இருவரும் உறங்கவில்லை. பேரனைப் பற்றிய கவலை மட்டும் அதற்குக் காரணம் அன்று. அதே விடையை வாய்விட்டுச் சொல்லாமல் எத்துணைப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் கை நீட்டி நின்றிருப்பர் என்ற நினைவு எழுந்தது. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை நம்பிய காலம் அது. நாங்கள் இருவரும் பிரம்பெடுத்தவர்களே. எழுதத் தடுமாறிய விரல்களின் மீதே அடித்தோம். வலிக்கின்ற கையை மேலும் வலிக்கச் செய்தால் அது அழகாய் எழுதும் என்று நம்பிய பேதைமையை என்னென்பது!

அன்பர்களே, எங்கள் குழந்தை மருத்துவர் முதலில் கண் பார்வையைச் சோதிக்கச் செய்தார். அதில் குறையில்லை எனத் தெரிந்த பின், ஆக்குபேஷனல் தெரபி அறிந்த ஒருவரிடம் அனுப்பினார். தமிழில் இதனைத் தொழில்வழி மருத்துவம் என்றும், செயல்வழி மருத்துவம் என்றும் பலவாறு வழங்குகின்றனர். தொழில் என்ற சொல்லைக் கேட்டதும், ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில் என்று நாங்களும் மயங்கினோம். இங்கே தொழில் என்பது ஊதியம் தரும் வேலை அன்று. ஒருவர் தம் நாளை எதனால் நிரப்புகின்றாரோ அதுவே அவர் தொழில். உண்பது, உடுப்பது, விளையாடுவது, எழுதுவது ஆகியவையே குழந்தையின் தொழில்கள். அவற்றைச் செய்ய இயலாது தடையுறுவோர்க்குச் செயலையே மருந்தாகக் கொடுப்பது இக்கலை.

1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் சிலர் கூடி இத்துறைக்கு ஒரு சங்கம் அமைத்தனர். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை மீண்டும் வாழ்க்கைக்குக் கொணர்வதில் அது வளர்ந்தது. நம் நாட்டில் 1950இல் பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். 1952இல் அனைத்திந்தியச் சங்கம் தோன்றிற்று. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பது நாம் பெருமைப்படத் தக்கது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் அரிய வரலாறு உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்டு அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல் தானே வேலை செய்துவிடவில்லை; வேலையை அதற்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. 1951இல் அங்கே அமைந்த நவஜீவ நிலையத்தில் நோயாளர் தச்சுவேலையும் பொம்மை செய்தலும் பழகினர். 1954இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே மருத்துவம் புரிந்தார். அவர் முயற்சியால் 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. உடல் ஊனமுற்றவர்க்கு உதவிய அதே கலைதான், எழுத மாட்டாது தவிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் இன்று உதவுகின்றது.

மருத்துவமனையில் என்ன நடந்தது? முதல் நாள் அந்த அம்மையார் எங்கள் பேரனை எழுதவே சொல்லவில்லை. பந்தைப் பிடிக்கச் சொன்னார். சட்டைப் பொத்தானை இடச் சொன்னார். நாணயங்களை ஒவ்வொன்றாய் எடுத்து உள்ளங்கையில் சேர்த்து, பிறகு ஒவ்வொன்றாய் உண்டியலில் போடச் சொன்னார். வட்டமும் சதுரமும் முக்கோணமும் வரைந்து காட்டி அவற்றைப் பார்த்து வரையச் சொன்னார். இறுதியாக, வீட்டில் எங்கே அமர்ந்து எழுதுவான் என்று வினவினார். உணவு மேசையில் என்றோம். கால் தரையைத் தொடுமா என்றார். தொடாது, அந்தரத்தில் ஊசலாடும். இரண்டு ஆசிரியர்கள் ஈராண்டாய்ப் பார்த்தும் அதனைக் கண்டிலோம்!

எழுதுவது விரலின் வேலை என்று நாம் எண்ணுகின்றோம். விரலுக்கு முன் மணிக்கட்டு. அதற்கு முன் முழங்கை. அதற்கு முன் தோள். அதற்கும் முன் முதுகும் இடுப்பும் ஊன்றிய காலும் என்று அவர் விளக்கினார். அடித்தளம் ஆடும் வீட்டில் மாடி நிலைக்குமா? கால் ஊன்றாத குழந்தை தன் உடலைத் தாங்குவதிலேயே வலிமையைச் செலவிட்டுவிடும். மேலும், கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருந்து, பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக முற்றுகின்றன. மூன்று வயதுக் குழந்தையின் கையில் நாம் பென்சிலையும் நாலு கோட்டு நோட்டையும் திணிக்கின்றோம்! பெரும்பாலான குழந்தைகள் நான்கு முதல் ஆறு வயதிற்குள்தான் மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து இயக்கப் பழகுகின்றன.

கண் கண்ட வடிவத்தைக் கை திருப்பி வரைவது மற்றொரு திறன். எவ்வளவு அழுத்துகின்றோம் என்பதைப் பாராமலே தசை உணர்வது வேறொரு திறன். எங்கள் பேரனிடம் குறைந்திருந்தது இதுவே. தன் விரல் பென்சிலைப் பற்றியிருக்கின்றதா என்று அவன் உடலுக்கு ஐயம், ஆகவே இறுகப் பற்றினான், ஆகவே வலித்தது, ஆகவே வெறுத்தான். சோம்பல் என்று நாங்கள் பெயரிட்டது உண்மையில் மற்றப் பிள்ளைகளைவிட இருமடங்கு உழைப்பு. இயக்க ஒருங்கிணைவில் இத்தகைய தடையுள்ளோர், பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேர் உளர் என்று மருத்துவ அறிஞர் கணக்கிட்டுள்ளனர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவரேனும் இருப்பர் என்பது இதன் பொருள்.

இவ்வூர்த் தமிழ்ப் பிள்ளைகளின் சுமையையும் எண்ணிப் பாருங்கள். பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி; இல்லத்தில் தமிழ். நான்கு மொழி, நான்கு வரிவடிவம். இந்தி எழுத்துக்குத் தலையில் கோடு. மலையாள எழுத்துக்கு வளைவின் மேல் வளைவு. ஆங்கிலத்திற்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். தமிழில் 247 எழுத்து. ‘கெ’ என்று ஒலிக்கும்போது மெய் முன்னும் உயிர் பின்னும் வருகின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னே வந்து நிற்கின்றது. இவற்றோடு, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் பழகிய தாத்தா ‘லை’யைத் துதிக்கையோடு எழுதிக் காட்டுவார், பாடநூல் வேறு விதமாய்க் காட்டும். பன்மொழி கற்பது செல்வமே. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் நான்கையும் ஒரே நாளில், ஒரே அழகில் எழுதவேண்டும் என்று வற்புறுத்துவது முறையன்று.

இனி, பயிற்சியைக் கூறுவோம். காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை இட்டோம். நோட்டுப் புத்தகத்தைச் சாய்வான பலகையில் வைத்தோம். சாலைக் கடைகளில் முன்பு கணக்கர் தரையில் அமர்ந்து, சாய்ந்த மூடியுடைய பெட்டியின் மேல் பேரேடு வைத்து எழுதியதை முதியோர் கண்டிருப்பீர்கள், அதே சாய்வுதான். நீண்ட பென்சிலுக்கு மாறாக மூன்று பட்டையுள்ள குட்டைப் பென்சில் தந்தோம். நோட்டின் அடியில் மைத்தாளும் வெள்ளைத்தாளும் வைத்து, மை கீழே படியாதவாறு எழுது என்று விளையாட்டாய்ப் பழக்கினோம். சுவரில் நீர்தொட்ட தூரிகையால் பெரிய எழுத்துகளை எழுதச் செய்தோம். அதில் தோள் வலுப்பெற்றது.

எங்கள் துணைவியார்க்குப் பெருவியப்பு அளித்தது வேறொன்று. கை வலுப்பெற வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டபோது, அந்த அம்மையார் எங்கள் சமையலறையையும் வாசலையுமே காட்டினார். கோலமாவை இரு விரலால் எடுத்துப் புள்ளி வைப்பது, பூத்தொடுப்பது, பல்லாங்குழியில் முத்தை ஒவ்வொன்றாய் உதிர்ப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கைமுறுக்குச் சுற்றுவது ஆகிய யாவும் பயிற்சியே என்றார். அவ்வாண்டு தீபாவளிக்கு எங்கள் பேரன் சுற்றிய முறுக்கு எந்த வடிவத்திலும் அடங்கவில்லை. ஆயினும் முதலில் தீர்ந்தது அதுவே.

பழமையில் எல்லாம் உண்டு என்று நாங்கள் சாதிக்கவில்லை. கோலமிட்டால் மட்டும் கையெழுத்து வாராது. எழுத்துக் குறைபாட்டிற்கான பயிற்சிகளை ஆராய்ந்து 2011இல் வெளியான தொகுப்பாய்வொன்று இரண்டு செய்திகளைத் தெளிவாய்க் கூறிற்று: எழுதும் பயிற்சியையே உள்ளடக்காத முறைகள் பயன் தரவில்லை, இருபது முறைக்குக் குறைந்த பயிற்சியும் பயன் தரவில்லை. ஆகவே, பத்து நாளில் முத்து முத்தான எழுத்து என்று விளம்பரம் செய்வோரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். எங்கள் இல்லத்தில் நாள்தோறும் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் இல்லை. முதலில் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள், பிறகு வளைவுள்ளவை. பத்து எழுத்து எழுதியபின், அவற்றுள் நன்றாய் அமைந்த ஒன்றை அவனே தேர்ந்து வட்டமிடுவான். பிழையைச் சுழித்தே பழகிய எங்கள் பேனாவுக்கு அது புதிய பாடம்!

பென்சில் பிடிக்கும் முறை பற்றியும் ஒரு சொல். நாம் பிடிப்பது போலவே பிள்ளையும் பிடிக்கவேண்டும் என்று விரலை முறுக்க வேண்டா. மூன்று விரலால் அன்றி நான்கு விரலால் பிடித்தும் தெளிவாகவும் விரைவாகவும் எழுதுவோர் உளர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது எழுத்தாணியை இக்காலப் பேனாவைப் போலவா பிடித்தனர்? இடக்கைக் கட்டைவிரல் எழுத்தாணிக்குத் துணை நின்று வழி நடத்தும். வலியின்றி, படிக்கத்தக்கதாய் எழுதினால் போதும். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்றுவதும் வேண்டா. தாளைச் சற்றுச் சாய்த்து வைக்கக் கற்பித்தால் போதும்.

நம் நகரில் இதற்கு வழிகள் உண்டு. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் குழந்தை வளர்ச்சி மையம் இயங்கி வருகின்றது. 1997இல் தொடங்கி, இன்று ஆக்குளத்தில் இயங்கும் ‘நிஷ்’ எனப்படும் தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் இத்துறைப் பட்டப்படிப்பும் கற்பிக்கப்படுகின்றது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமக்ர சிக்ஷாவின் வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர் உளர். தனியார் நிலையங்களுக்குச் செல்வோர், பயிற்சி தருபவர் முறையாய்ப் பட்டம் பெற்றவரா எனத் தயங்காமல் கேளுங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலையும் தன் வரம்பிற்குள் கொண்டுவந்துள்ளது.

சட்டமும் இன்று பிள்ளையின் பக்கம் நிற்கின்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கின்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள், எழுதுவதில் நேரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடங்கும். உரிய சான்றிதழ் பெற்றவர்க்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மூன்று மணித் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாய்த் தரப்படுகின்றது. சொல்வதை எழுத வேறொருவர் உதவியும் பெறலாம். கேரளத்துப் பத்தாம் வகுப்புத் தேர்விலும் சலுகைகள் உண்டு. இவை இரக்கம் அல்ல; உரிமை. ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்திய வாரம் ஓடினால் பயனில்லை.

எங்கள் பேரன் இன்று எப்படி எழுதுகின்றான் என்று கேட்பீர்கள். அழகாய் எழுதவில்லை, படிக்கும்படி எழுதுகின்றான். விரைவு குறைவே. வளர்ந்தபின் தட்டச்சுப் பலகை அவனுக்குப் பெருந்துணையாகும். ஆனால் வயிற்றுவலி போய்விட்டது. எட்டுத் திங்கள் பயிற்சிக்குப் பின், ஒரு நாள் பாட்டியின் கோலமாவு டப்பாவில் அவன் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: ‘இது என் மாவு.’ நான்கு அங்குலத் தாளில் மூன்று சொல். எத்துணையோ விடைத்தாள்களைத் திருத்திய எங்கள் கண்கள் அன்று கலங்கின.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் சாலைக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கின்றார். பள்ளியில் மனக்கணக்கில் அவரை வெல்வார் இல்லை. எழுத்தில் அவரைப்போல் அடிபட்டாரும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டார். சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் அவர் கடைக்குச் சென்று, அன்று அடித்தது எங்கள் தவறு என்று கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சார், இப்பொழுது பில் எல்லாம் கம்ப்யூட்டரே அடித்துவிடும். என் கையெழுத்தை யாரும் பார்ப்பதில்லை” என்று சிரித்தார். நாங்கள் விடைபெறும்போது பின்னாலேயே படியிறங்கி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “என் மகளும் என்னைப் போலத்தான் எழுதுகின்றாள். எங்கே கூட்டிப்போக வேண்டும், சார்?”

அந்தக் கேள்வியே எங்களை இம்மேடைக்குக் கொணர்ந்தது. அவர் மகளுக்கு நாங்கள் வழி காட்டினோம். ஆனால் கேட்கத் தயங்கி நிற்கும் பெற்றோர் எத்துணை பேர்! ஆகவே சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். திங்கள்தோறும் ஒரு ஞாயிறு காலை, சங்கக் கூடத்தில் ஒரு மேசை இடுங்கள். எங்கே செல்வது, எந்தச் சான்றிதழ் பெறுவது, மலையாளத்தில் விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று கேட்டு வருவோர்க்கு நாங்கள் இருவரும் அங்கே அமர்ந்து உதவுவோம். நம் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பில் கால் எட்டாத பெஞ்சுகளுக்குக் கால்பலகைகள் செய்து தருவோம். முதல் பத்துப் பலகைக்கு ஆகும் செலவை அந்த மளிகைக்கடைக்காரரே ஏற்றுக்கொண்டுள்ளார்.

‘கையெழுத்து நன்றாய் இருந்தால் தலையெழுத்து நன்றாய் இராது’ என்று நம்மவர் வேடிக்கையாய்க் கூறுவர். கையெழுத்து நன்றாய் இல்லாத பிள்ளையின் தலையெழுத்தை, சிவப்பு மையாலும் பிரம்பாலும் நாமே எழுதிவிட்டோம். இனி அவ்வாறு எழுதாதிருப்போம். இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், எழுத அமர்ந்திருக்கும் உங்கள் பிள்ளையின் நோட்டைப் பார்க்குமுன், அதன் கால் தரையைத் தொடுகின்றதா என்று பாருங்கள்.